தவிட்டுக்குருவிகள் ஏன் கூடிக் கத்துகின்றன?

அந்தக் காலத்தில், செடி கொடிகூடத் தன் குறையைத் தானே வாய்விட்டுச் சொன்ன நாளில், தவிட்டுக்குருவிகள் இப்போதுபோல் கூட்டமாகத் திரியவில்லை. ஆளுக்கொரு புதர். குரலும் மெல்லிய குரல்தான். அவற்றைப்போல் மரியாதை தெரிந்த பறவை காட்டிலேயே கிடையாது. முழு விவரமும் கேட்காமல் அடுத்தவர் விஷயத்தில் வாயைத் திறப்பது பெருங்குற்றம் என்று நினைத்தன.

தவிட்டாயி என்றொரு குருவி காரைப் புதரில் கூடு கட்டி, நீலநீலமாக நான்கு முட்டை இட்டிருந்தாள். போன முறை இட்டவை மழையில் அழிந்துபோயின. அதனால் பாவம், இந்த நான்கையும் விட்டுவிட்டு இரை தேடக்கூட அவள் தூரம் போவதில்லை.

ஒருநாள் காலை கொம்பேறிமூக்கன் பாம்பு அந்தப் புதரில் ஏறத் தொடங்கியது. தவிட்டாயி பதறிப்போய் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டாள். ஆறு குருவிகள் வந்து எதிர்க் கிளையில் வரிசையாக உட்கார்ந்தன.

"என்னம்மா, என்ன சங்கதி?" என்றாள் மூத்தவள்.

"பாம்பு ஏறுதுக்கா. கூட்டுல முட்டை இருக்கு."

மூத்தவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். பாம்பு எந்தப் பக்கமாக வந்தது, நேற்றும் வந்ததா, இருவருக்கும் முன்பகை ஏதாவது உண்டா என்று நிதானமாக விசாரித்தாள். பாம்பின் தரப்பையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றாள் இரண்டாமவள். அதுவும் நியாயந்தான் என்றாள் மூன்றாமவள். பாம்போ யாரையும் எதுவும் கேட்கவில்லை. கூட்டுக்குள் தலையை விட்டு ஒரு முட்டையை விழுங்கியது.

தவிட்டாயிக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று அலகைப் பிளந்து கத்தினாள். தன்னிடம் அவ்வளவு பெரிய குரல் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

கிளையின் கோடியில் இருந்த குருவிக்குக் காது மந்தம். அதுவரை நடந்த பஞ்சாயத்து ஒன்றுமே அவளுக்கு விளங்கவில்லை. தவிட்டாயியின் முகம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அது போதும் என்று அவளும் சேர்ந்து கத்தினாள். பக்கத்தில் இருந்தவளுக்கு வெட்கமாகிவிட்டது, அவளும் கத்தினாள். கொஞ்ச நேரத்தில் ஏழு பேரும் ஒரே குரலாகக் கத்திக்கொண்டு கூட்டைச் சுற்றிப் படபடத்தார்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பாம்பு பிடி நழுவித் தொப்பென்று விழுந்து, தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியது.

கூட்டில் மூன்று முட்டைதான் மிச்சம். எட்டிப் பார்த்த மூத்தவள் வெகுநேரம் தலை நிமிரவில்லை.

"நான் கேள்வி கேட்டுக்கிட்டு நின்னேன், உன் பிள்ளை போயிடுச்சே தாயி" என்றாள்.

தவிட்டாயி அழுதுகொண்டே கொஞ்சம் நகர்ந்து, மூத்தவள் பக்கத்தில் உட்கார இடம் விட்டாள். அன்று மாலை அந்த ஆறு பேரில் ஒருத்தியும் தன் புதருக்குத் திரும்பவில்லை.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்தே திரிகின்றன. ஒன்று குரல் கொடுத்தால் மற்ற எல்லாம் கத்திக்கொண்டு ஓடிவரும். என்ன, ஏது என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.