சூளையில் வெடித்தவள்

"என் பொம்மை மட்டும் ஏன் மிஸ் வெடிக்குது?" என்று கேட்டாள் குமுதவல்லி.

சூளைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவளுடைய மண் பெண் சில்லு சில்லாகக் கிடந்தாள். போகிற போக்கில் பக்கத்திலிருந்த யாருடைய கிண்ணத்தையோ வேறு உடைத்துவிட்டுப் போயிருந்தாள். இது இரண்டாவது முறை.

மிஸ் என்றால் ஜெசிந்தா. புதுச்சேரியில் ஒரு பழைய கார் ஷெட்டில் மண்சிற்பம் கற்றுத்தருகிறவள். குமுதவல்லியைவிட இருபது வயது சின்னவள். அதிகம் பேச மாட்டாள்.

"மண்ணுல கோளாறா?"

ஜெசிந்தா சூளைக்குள் குனிந்தாள்.

"சரியா காய விடலையா நான்?"

ஜெசிந்தா சில்லுகளைக் கிளறி ஒன்றை எடுத்து நீட்டினாள். உதடு. இரண்டு உதடுகளுக்கும் நடுவில் பிறகு அப்பிய மண். அதில் ஒரு கட்டைவிரல் ரேகை.

"நான் பாத்தப்ப இந்த வாய் திறந்திருந்துச்சு."

குமுதவல்லி தன் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"உள்ள வெறும் கூடான பொம்மை அக்கா இது. சூடு ஏறினா ஈரம் ஆவியாகும். அது வெளிய போக இவளுக்கு வாயை விட்டா வேற வழி இல்ல. யாரு மூடினது?"

"நான்தான் மிஸ். போன தடவையும் நான்தான்."

"ஏன்?"

அது கொஞ்சம் பெரிய கதை.

கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, விவாகரத்தும் வாங்கி முடித்த பிறகு, ஐம்பத்தோராவது வயதில்தான் தனக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பது குமுதவல்லிக்குத் தெரியவந்தது. தெரியவைத்தவர் பெயர் தணிகாசலம். கண் டாக்டரிடம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருந்தபோது பழக்கமானவர். இருவருக்கும் அப்போது எதிரே இருப்பவர் முகம் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் தைரியமாகப் பேசினோம் என்று பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? மண்ணிடம் சொன்னாள்.

ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஒரு பெண். தொங்கின மார்பு, மடிப்பு விழுந்த வயிறு, பிரசவக் கோடுகள், எதையும் விடவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்துவைத்தாள். முடித்த அன்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அன்று ராத்திரி அவள் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

மகன் நவநீதன் போனில் படத்தைப் பார்த்தான். படித்த பிள்ளை. நாகரிகமாகத்தான் ஆரம்பித்தான்.

"துணியில்லாம இருக்கிறது பரவால்லம்மா. கோயில்ல இல்லாததா? ஆனா அந்த வாய்..."

"வாய்க்கு என்னடா?"

"ரொம்ப சந்தோஷமா இருக்கா."

"இருந்தா?"

"உங்க கிளாஸ் கண்காட்சிக்கு வைஷு வீட்டுல எல்லாரும் வராங்க. இப்பதான் நிச்சயமாகியிருக்கு. என் கல்யாணத்தைக் கெடுத்துடாதம்மா."

அவள் வாயை மூடினாள். பொம்மையின் வாயை.

ஜெசிந்தா முழுவதையும் கேட்டாள். சில்லைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு லேசான வழி இருக்குக்கா."

"என்ன மிஸ்?"

"வாய் மூடியே இருக்கட்டும். அடியில, யாரும் பார்க்காத இடத்துல ஒரு ஓட்டை போட்டுடுங்க. வெடிக்காது. நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க."

குமுதவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொம்மையும் பிழைக்கும், மகன் கல்யாணமும் பிழைக்கும். "அவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மிஸ்?"

ஜெசிந்தா எழுந்து வந்தாள். களிமண் அப்பிய உள்ளங்கையால் குமுதவல்லியின் வாயை அழுத்திப் பொத்தினாள்.

"சிரிங்கக்கா."

குமுதவல்லி திகைத்துப் போனாள்.

"மூக்கு திறந்துதானே இருக்கு. மூச்சு வரும். ஒண்ணும் ஆகாது. அப்படியே இருங்க."

மூச்சு வந்தது. ஈர மண்ணின் வாசனை வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமலே எவ்வளவு காலம் இப்படி இருந்துவிட்டோம் என்று நினைத்தபோது அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் கிளம்பியது. மகன் மேலா, புருஷனாக இருந்தவன் மேலா, இந்தச் சின்னப் பெண் மேலா, அவளுக்குத் தெரியவில்லை.

கடித்தாள்.

"ஐயோ!" ஜெசிந்தா கையை உதறிக்கொண்டு துள்ளினாள். உள்ளங்கையில் பல் பதிந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல பல்லுக்கா உங்களுக்கு" என்றாள். கை கழுவப் போனாள்.

குமுதவல்லி வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். முகத்தைக்கூடத் துடைக்காமல் புது மண்ணை எடுத்துப் பிசைய ஆரம்பித்தாள்.

வீட்டில் நவநீதன் கேட்டான்: "வாயை மூடிட்டியாம்மா?"

"இல்ல. திறந்துதான் வைக்கப் போறேன். உன் கல்யாணம் ஒரு பொம்மையோட வாயிலயா தொங்குது?"

"அவங்க வர்ற நேரம் மட்டும் ஒரு துணி போட்டு மூடேன்."

"மாட்டேன்."

"நீ மாறிட்டம்மா."

"ஆமா" என்றாள்.

இந்த முறை மண் பெண் முழுசாக வெளியே வந்தாள். செக்கச்செவேல் என்று, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு. கண்காட்சியில் வாசலுக்கு நேரே இடம் கேட்டு வாங்கி வைத்தாள் குமுதவல்லி.

வைஷுவின் வீட்டார் வந்தார்கள். ஜாடிகளைப் பாராட்டினார்கள். கிண்ணங்களுக்கு விலை கேட்டார்கள். மண் பெண் பக்கம் வந்ததும் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போன் பார்க்கிற வேலை வந்துவிட்டது.

வைஷுவின் அம்மா சந்தானலட்சுமி மட்டும் பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஜாடிகள் வரைக்கும் போனாள். திரும்பி வந்து இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"யாரு சம்பந்தி இது?"

நவநீதன் அம்மாவைப் பார்த்தான். சும்மா கற்பனை என்று சொல்லிவிடேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. பிள்ளையின் முகம் அப்படி வாடியதைப் பார்க்க அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

"நான்தான்" என்றாள் குமுதவல்லி.

நவநீதன் தலை குனிந்துகொண்டான்.

சந்தானலட்சுமி பக்கத்தில் வந்தாள். புருஷன் எங்கே நிற்கிறார் என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். குரலை இறக்கிக் கேட்டாள்:

"எல்லாம் சரி. அந்த வாயை மட்டும் கொஞ்சம் மூடியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு தடவை மூடிப் பாத்தேன் சம்பந்தி. வெடிச்சிடுச்சு."