காந்தத்தில் ஒட்டிய தூள்

மூன்றாம் நாளும் கருப்பணன் அதே கேள்வியோடு வந்து நின்றார்.

"மாஸ்டரம்மா, ஸ்டெப் லிப் நல்லதுங்களா, பிளெயின் லிப் நல்லதுங்களா?"

கோயம்புத்தூரில் கணபதிக்குப் பக்கத்தில், கார்களுக்கு மூன்று துண்டு ரிம் கட்டித் தரும் பட்டறை அது. முன்னால் லிப் என்கிற பளபளக்கும் வெளிவளையம், நடுவில் தட்டு, பின்னால் உள்வளையம். மூன்றையும் சேர்த்து போல்ட்டு முறுக்கினால் ஒரு ரிம். மாஸ்டர் பிலோமினாவுக்கு முப்பத்திரண்டு வயது. சிஷ்யர் கருப்பணனுக்கு ஐம்பத்தைந்து. மில் மூடிய பிறகு, மகள் வயதுப் பெண்ணிடம் தொழில் கற்க வந்தவர். அதற்கு ஒரு மனசு வேண்டும், அவருக்கு இருந்தது. அந்த மனசு அதோடு நின்றுபோனதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் நாள் கேட்டபோது பிலோமினா, "யார் வண்டிக்குங்கண்ணா?" என்றாள். "சும்மா தெரிஞ்சுக்கத்தானுங்க" என்று மழுப்பினார். இரண்டாம் நாளும் அதே மழுப்பல்.

இன்று இரண்டு லிப்பையும் கையிலேயே கொண்டு வந்திருந்தார். பிளெயின் லிப் ஓரத்திலிருந்து நேராக உள்ளே போகும். ஸ்டெப் லிப் பாதியில் ஒரு படி இறங்கிக் குறுகும். பள்ளம் ஆழமாகத் தெரியும். வாலிபப் பிள்ளைகள் அதைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

"யார் வண்டிக்குங்கண்ணா?"

கருப்பணன் மென்று முழுங்கினார்.

"மாப்பிள்ளை வண்டிக்குங்க. ஸ்டெப் லிப்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. வளைகாப்பு முடிஞ்சு புள்ள அந்த வண்டிலதான் கோத்தகிரியில இருந்து எறங்கி வர்றா. ஏழு மாசமுங்க."

"ஸ்டெப் லிப்புல என்ன பயம்?"

"நடுத்தட்டு சிறுசாயிருதுங்க. உள்ள எடம் பத்தாது, பிரேக்கைக் கவ்விப் புடிக்கற இரும்புக் காலிப்பர் ரிம்முல இடிக்கும். நாலு தடவ அளந்து பாத்தனுங்க. மூணு மில்லி இடிக்குது."

நாலு தடவை அளந்தாராம். அந்தப் பட்டறையில் அவர் எதையும் இரண்டாவது தடவை அளந்து யாரும் பார்த்ததில்லை.

"இடிச்சா என்ன பண்றது?"

"அதைத்தானுங்க கேக்கறேன். மலை ரோடுங்க. எறக்கம் பூரா பிரேக்கை நம்பித்தானே வரணும்."

பிலோமினா மேசையில் போல்ட்டுகளைப் பிடித்து வைத்திருந்த காந்தத்தை எடுத்தாள். நேராக அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்க் குனிந்து, மேடைக்கு அடியில் கிடந்த குப்பைத் தூளில் அதை ஒரு இழுப்பு இழுத்தாள். தூக்கியபோது காந்தம் முழுக்கக் கறுப்பாகத் தூள் ஒட்டியிருந்தது.

"ரிம் அலுமினியம்ங்கண்ணா. காந்தத்துல ஒட்டாது. இங்க யாரும் இரும்பைத் தேய்க்கறதில்ல. இது எதைத் தேய்ச்ச தூளுங்க?"

கருப்பணனுக்கு முகம் சுட்டது.

"காலிப்பருங்க."

"எத்தனை வண்டி?"

"ஒம்போதுங்க."

பிறகு அவசர அவசரமாகச் சொன்னார்: "அவங்களும் ஸ்டெப் லிப்தான் வேணும்னு அடம் புடிச்சாங்க. முடியாதுன்னா வேற பட்டறைக்குப் போயிருவாங்க. உரசாம இருக்க மூணு மில்லி தேச்சு விட்டனுங்க, அவ்வளவுதான். அப்பறமும் பிரேக் நல்லாத்தான் புடிச்சுது. ஒண்ணும் ஆகாதுங்க மாஸ்டரம்மா."

சொல்லிக்கொண்டே அந்த ஒன்பது வண்டிகளையும் நினைத்துப் பார்த்தார். யார் கொண்டு வந்தார்கள், யார் ஓட்டிப் போனார்கள், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒரு வண்டியில் மட்டும் பின் சீட்டுக்குக் கீழே குழந்தைச் செருப்பு ஒன்று கிடந்தது. அதை எடுத்துச் சீட்டின் மேல் வைத்துவிட்டுத்தான் அவர் கிரைண்டரை எடுத்திருந்தார்.

பிலோமினா காந்தத்தைக் கீழே வைத்தாள். அவர் கையிலிருந்த பிளெயின் லிப்பை வாங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஸ்டெப் லிப்பையும் வாங்கினாள். அதைத் துணியால் ஒரு தடவை துடைத்து, திரும்ப அவரிடமே நீட்டினாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னா அப்பறம் என்னங்கண்ணா? மாப்பிள்ளை கேட்டதையே போடுங்க. காலிப்பரை நீங்க தேய்ங்க, போல்ட்டை நான் முறுக்கித் தர்றேன்."

கருப்பணனின் கை எழவில்லை. அவள் நீட்டியபடியே நின்றாள்.