வாய் பட்ட டம்ளர்

காக்காக்கரட்டு மடத்துக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்று வந்து சேர்ந்தது. வேண்டுதல் பலித்த பக்தர் ஒருவர் ஈரோட்டிலிருந்து அனுப்பியிருந்தார். கரட்டின் மேல், அந்த மொட்டைக் குன்றில், எப்போதும் தண்ணீருக்குத் திண்டாட்டம். கையால் கழுவுவதைவிட இதற்குத் தண்ணீர் குறைவு என்று அவர் சொன்னதை நம்பிச் சாமி வாங்கி வைத்துக்கொண்டார்.

சாமி என்றால் நாச்சிமுத்துச் சாமி. காவி கட்டுவதற்கு முன் திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தியவர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். கறையைப் பற்றியும் அதை எடுக்கிற மருந்தைப் பற்றியும் அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவிநாசியப்பனுக்கு வந்தது. சீடர்தான், ஆனால் சாமியைவிட மிகவும் மூத்தவர். சுகாதார ஆய்வாளராக ஊர் ஊராக அலைந்து ஓய்வு பெற்றவர். மனைவி மயிலாத்தாள் இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்தார். வரும்போது மாற்று வேட்டியும் ஒரு கண்ணாடி டம்ளரும் கொண்டுவந்தார்.

டீக்கடையில் இருக்குமே, வரி வரியாக, அந்தச் சாதா டம்ளர். மடத்தில் இருந்தவையும் அதே ரகம்தான். ஆனாலும் தன்னுடையதை அவர் மற்றவற்றோடு சேர்க்க மாட்டார். அலமாரியின் மேல்தட்டில் தனியாகக் கவிழ்த்து வைப்பார். அதில் குடிக்க மாட்டார். ஆனால் தினமும் எடுத்துக் கழுவுவார்.

குடிக்காத டம்ளரை எதற்கு ஐயா கழுவுகிறீர்கள் என்று கேட்க மடத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. மனிதருக்குச் சுத்தம் என்றால் உயிர், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். நாமும் அப்படித்தான் விட்டிருப்போம்.

ஒரு நாள் அவர் சாமியிடம் கேட்டார்.

"எனக்கு எப்பங்க சாமி காவி?"

சாமி மேல்தட்டைப் பார்த்தார்.

"அந்த டம்ளரைக் கழுவி முடிச்சுட்டு வாங்க. அன்னைக்கே குடுத்தர்றேன்."

"தெனமும் கழுவறேனுங்களே."

"கழுவறீங்க. முடிக்கலீங்களே."

அவிநாசியப்பன் டம்ளரை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனார். விளிம்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு மங்கல். உதடு வைத்துக் குடித்தால் படியுமே, அந்த அளவில், அந்த வளைவில். தண்ணீரில் நனைத்தார். மறைந்துவிட்டது. அப்பாடா என்று துடைத்து வைத்தார். காய்ந்ததும் திரும்ப வந்து நின்றது.

புளி போட்டுத் தேய்த்தார். சாம்பல் போட்டார். எலுமிச்சம்பழம், வினிகர், எதையும் விட்டுவைக்கவில்லை. பிறகு மெஷினுக்குள் வைத்தார். மருந்துப் பொடியை அதன் பெட்டியில் கொட்டி, உப்புத் தண்ணீரைச் சரிக்கட்டும் உப்பையும் நிரப்பி, பொத்தானை அழுத்தினார். பளபளவென்று வந்தது. காய்ந்தது. வாய் வந்தது.

அவருக்கு ஒரு பழக்கம். எச்சில் பாத்திரம் எதையும் அப்படியே மெஷினில் வைக்க மாட்டார். தட்டோ டம்ளரோ, முதலில் கையால் சோப்புப் போட்டு, நார் கொண்டு விளிம்பெல்லாம் தேய்த்து, அலசி, அதன் பிறகுதான் உள்ளே அடுக்குவார். அவர் கைக்குப் போன பாத்திரம் விபூதி பூசாத குறையாக மெஷின் வாசலில் நிற்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்க வந்த மெஷினுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் செலவானது. அவரிடம் சொல்லிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதில் இதுதான்: "எச்சிலோட உள்ள வெக்கறதா? கூசுமுங்க."

ஒரு சாயந்தரம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சமையல்கட்டில் அவர் மட்டும்தான். உள்ளே தண்ணீர் சுழன்று விழும் ஓசை. பிறகு அது நின்று, அழுக்குத் தண்ணீர் வெளியேறும் நேரம். அப்போது உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

குட்டையாக இரண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒன்று.

அவிநாசியப்பன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. அந்த இருமல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அதைப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்டவர் அவர்.

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மறுநாளும் காற்று அடைத்தது. அதற்கு மறுநாளும்.

பிறகு மற்ற டம்ளர்களிலும் அந்த வாய் தெரிய ஆரம்பித்தது. முதலில் ஒன்றில். அப்புறம் பக்கத்தில் இருந்ததில். பூசைக்கு வந்த ஒருவருக்குப் பால் கொடுக்கப் போன அவிநாசியப்பன், டம்ளரின் விளிம்பைப் பார்த்துவிட்டுக் கொடுக்காமலே திரும்பிவந்தார். பயந்துபோய் எல்லா டம்ளர்களையும் விளிம்பில் இன்னும் அழுத்தித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது வந்துகொண்டே இருந்தது.

அவர் சாமியிடம் ஓடினார்.

"சாமி, மெஷினுக்குள்ள ஆரோ இருக்கறாங்க."

சாமி சிரிக்கவில்லை. எழுந்து கூடவே வந்தார். மெஷின் முன்னால் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் சுழன்றது, நின்றது. இருமல் வந்தது.

"கேட்டுதுங்களா சாமி?"

"கேட்டுது."

உங்களுக்கு மட்டும்தான் கேட்கிறது என்று சாமி சொல்லிவிடுவார் என்றுதான் அவிநாசியப்பன் எதிர்பார்த்தார். அப்படிச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பொம்பளை இருமலாட்ட இருக்குது. ஆருன்னு கேட்டீங்களா?"

சாமி மெஷினின் கதவைத் திறந்து ஒரு டம்ளரை எடுத்தார். துண்டால் துடைத்து, ஊதிக் காயவைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்தார். விளிம்புக்குக் கீழே வாய் இருந்தது.

"இதுக்குள்ள போடற மருந்து எதுக்கு வந்தது?"

"பாத்திரம் சுத்தமாகறதுக்குங்க."

"எச்சிலையும் பருக்கையையும் தேடித் திங்கறதுக்கு வந்தது. நீங்க கழுவி வெச்சா அது எதைத் திங்கும்?"

அவிநாசியப்பன் பொடி டப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணாடியைத் திங்குது. சாயப்பட்டறையில பாத்திருக்கறேன். கறை இல்லாத துணிய மருந்துல போட்டா நூலு போயிரும்."

சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மெஷினு தண்ணி எவ்வளவு கலங்குதுன்னு பாத்துத்தான் எவ்வளவு கழுவோணும்னு முடிவு பண்ணுது. உங்க பாத்திரத்துல ஒண்ணும் கலங்கறதில்லை. நல்லாத்தான் இருக்குதுன்னு சீக்கிரம் நின்னுருது. எங்கிட்ட வந்து உக்காரறப்பவும் நீங்க 'எல்லாம் நல்லாருக்குதுங்க சாமி'ன்னுதான் சொல்றீங்க. நானும் எந்திரிச்சுப் போயர்றேன்."

அவிநாசியப்பன் மேல்தட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அவளுக்கு டி.பி.ங்க சாமி."

"ம்."

"ஊர் ஊராப் போயி, இது பாத்திரத்துல ஒட்டாது, தனித் தட்டு தனி டம்ளர் வெச்சு ஒதுக்காதீங்கன்னு சொன்னவனுங்க நானு. மைக்குப் புடிச்சுச் சொன்னேன். ஊட்டுல அவளுக்குன்னு ஒரு டம்ளர் எடுத்துத் தனியா வெச்சுட்டேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அவளும் நம்ம பேச்சைக் கேட்டவதானுங்களே. முன் வரிசையில உக்காந்து கேட்டவ."

மெஷின் அமைதியாக இருந்தது. உள்ளே எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"ஒரு நா சுடுதண்ணி கொண்டுபோய்க் குடுத்தேனுங்க. 'நீங்க ஒரு வாய் குடிச்சுட்டுக் குடுங்க'ன்னா."

"நீங்க?"

"எனக்கு வேற டம்ளர் இருக்குதுன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. சிரிச்சா. அப்பறம் கடைசி வரைக்கும் எங்கிட்ட எதையும் கேக்கவே இல்லீங்க சாமி."

அவர் அழுதார். வயதான ஆண் அழுவது பார்க்கச் சகிக்காது. அதற்காகச் சாமி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மொதல்ல பயத்துல கழுவுனேனுங்க. அவ போனதுக்கப்பறம் எதுக்குக் கழுவறேன்னு எனக்கே தெரியலீங்க."

சாமி எழுந்து மேல்தட்டிலிருந்து அந்த டம்ளரை எடுத்தார். அடுப்பில் பால் இருந்தது. பாதி டம்ளர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

அவிநாசியப்பன் டம்ளரை மெல்லத் திருப்பி, மங்கல் இல்லாத பக்கத்தைத் தன் பக்கம் கொண்டுவந்தார். கை தானாகச் செய்த வேலை அது. சாமி பார்த்துக்கொண்டே இருந்தார். அவிநாசியப்பன் திரும்பவும் டம்ளரைச் சுற்றி, அந்த வாயின் மேல் தன் வாயை வைத்தார்.

விளிம்பு வெதுவெதுப்பாக இருந்தது. பால் இன்னும் அந்த இடத்தைத் தொடவில்லை. அந்த நொடிதான் யாரோ குடித்துவிட்டுக் கொடுத்தது போல இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

குடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் கை குழாயை நோக்கிப் போனது.

"கழுவாம வைங்க," என்றார் சாமி.

அவர் வைத்தார். பக்தர்கள் குடித்துவிட்டு வைத்திருந்த டம்ளர்கள் அன்றைக்கு பாலாடை படிந்து அப்படியே கிடந்தன. சாமியே அவற்றை எடுத்து அந்த டம்ளரைச் சுற்றி அடுக்கி, கதவைச் சாத்தினார். மெஷின் அன்று நெடுநேரம் ஓடியது. தண்ணீர் வெளியேறும் நேரம் வந்தபோது இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். தண்ணீர் மட்டும் போனது.

காலையில் அவிநாசியப்பன் கதவைத் திறந்தார். டம்ளர்களைப் பலகையில் வரிசையாகக் கவிழ்த்தார். சன்னல் வழியே வெயில் நேராக அவற்றின் மேல் விழுந்தது. ஈரம் காயக் காய ஒவ்வொன்றிலும் வாய் வந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும். விளிம்புக்குக் கீழே, அதே அளவில், அதே வளைவில். எல்லாம் ஒரே வாய்.

அவர் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தார். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதையும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால்கூட அடையாளம் தெரியக்கூடிய டம்ளர் அது. இப்போது தெரியவில்லை.

வெளியே பூசை முடிந்து, பாலுக்கு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சாமி உள்ளே வந்தார். தோளில் புதுக் காவித் துண்டு ஒன்று மடித்துக் கிடந்தது. அவரே சாயம் முக்கியது. அவர் டம்ளர்களில் பாலை ஊற்றித் தட்டில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த பெண்ணொருத்தி வாங்கி, அந்த வெள்ளை மங்கலின் மேல் உதட்டை வைத்துக் குடித்தாள். பக்கத்தில் இருந்த கிழவர் குடித்தார். அவிநாசியப்பன் வாசற்படியில் நின்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி காலித் தட்டோடு திரும்பிவந்தார். தோளில் இருந்த காவித் துண்டை எடுத்து அவர் பக்கத்தில் இருந்த பலகையில் வைத்தார். அவிநாசியப்பன் அதைத் தொடவில்லை. அவர் கண் இன்னும் பந்தியில்தான் இருந்தது.

"சாமி, அவளோடது எதுங்க?"

"தெரியாது."

"நீங்கதானுங்களே அடுக்குனீங்க. உங்களுக்குமா தெரியாது?"

"எனக்கும் தெரியாது."

"அதை மட்டும் எப்படியாச்சும் கண்டுபுடிச்சுக் குடுங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

அவிநாசியப்பன் சொல்ல வாயெடுத்தார். அவர் கண் தன்னையறியாமல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

சாமியும் அங்கே பார்த்தார்.

"மறுபடியுமா தனியா வெப்பீங்க?"