பழனி பஸ்ஸில் ஒரு துண்டு

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு அறுபத்திரண்டு.

சீடரின் பெயர் மௌனகுருசாமி. பெயரில் இருக்கிற மௌனம் ஆளிடம் கிடையாது. பொள்ளாச்சியில் தேங்காய் மட்டை உரிக்கும் மெஷின் செய்து விற்கிறவர். தான் ஆசையாக வளர்த்த காளையின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். செவலை. கொம்போடு கூடிய காளைத் தலைதான் அதன் முத்திரை. அந்தப் பக்கத்துத் தோப்புகளில் யாரும் மெஷின் என்று சொல்வதில்லை. "செவலையை ஓட்டுப்பா" என்றுதான் சொல்வார்கள்.

குரு, வக்கீல் கோகிலவாணி. சென்னையில் பல வருடம் வர்த்தக முத்திரை வழக்குகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மூன்று வருடங்களுக்கு முன் எவனோ ஒருவன் தன் மெஷினில் காளைத் தலையை வரைந்து விற்க ஆரம்பித்தபோது, ஒரே கடிதத்தில் அதை நிறுத்திக் காட்டினார். அன்றோடு மௌனகுருசாமி தன்னைத்தானே அவருக்குச் சீடராக நியமித்துக்கொண்டார். அந்தம்மாவின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் காலை, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டு அவர் குருவின் அலுவலகத்துக்குள் நுழைந்தார். ஒரு கையில் மைசூர்பாகு டப்பா. இன்னொரு கையில் நீல ஃபைல். தோளில் சிவப்புக் கரை போட்ட துண்டு. கம்பெனியின் இருபதாம் ஆண்டு விழாவுக்காக காளைத் தலை வைத்து நெய்த துண்டு அது.

"கப்பல் ஏறிருச்சுங்க அம்மணி. நாப்பது செவலை. வியட்நாமுக்கு."

"உக்காருங்க."

உட்காருகிற நிலையில் அவர் இல்லை.

"அங்க தென்னை நிக்கறதை நீங்க பாக்கோணுமுங்க. நம்ம ஆனைமலைத் தோப்பெல்லாம் அதுக்கு முன்னால எம்மாத்திரம். ஆத்துல படகு படகாத் தேங்காய் வருது, உரிக்க ஆளில்லை. நம்ம செவலை போயி நின்னுதுன்னு வைங்க, ஊரே கூடிரும்."

கடை போர்டில் இருபத்திரண்டு வருடமாக ஒரு வரி இருந்தது: எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை. அதைக் காலையில்தான் பெயிண்டரை ஏற்றி அழித்துவிட்டு வந்திருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது முதலாளியேதான்.

"ஒரே ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. நீங்க ஒரு பார்வை பாத்துட்டா மத்தியானமே அனுப்பிருவேன்."

ஃபைலில் ஒரே ஒரு தாள் இருந்தது. அங்கே மெஷினை வாங்கி விற்கப்போகிற ஏஜென்டுக்கு எழுதிய கடிதம். செவலை என்ற பெயரையும் காளைத் தலையையும் வியட்நாமில் ஏஜென்ட் தன் பெயரில் பதிந்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

குரு இரண்டு தடவை படித்தார்.

"இது யாரு யோசனைங்க?"

"என்னுதுதானுங்க. அந்த ஊரு ஆபீசு, அந்த ஊரு பாசை. எனக்கு எதுக்கு அந்த அலைச்சல், நீங்களே பதிஞ்சுக்குங்கன்னு சொன்னேன். அவரு வேண்டாம்னுகூடச் சொன்னாருங்க. தங்கமான மனுசன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, சேரை இழுத்துப் போட்டு, மீன் கொழம்பு ஊத்துனாரு."

"நீங்க சைவமாச்சே?"

"மீனை மட்டும் ஒதுக்கிட்டுச் சாப்பிட்டனுங்க. அவரு மனசு நோகக் கூடாதுல்ல?"

குரு தாளை ஃபைலில் வைத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. மௌனகுருசாமிக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

"ஏனுங்க அம்மணி, எம்பேரு எங்க போனாலும் எம்பேருதானுங்களே? இருபத்திரண்டு வருசம் நாங் கட்டுன பேரு. கொழந்தையைக் கேட்டாச் சொல்லும் செவலை யாருதுன்னு. அதைப் போயி ஒருத்தரு என்ன பண்ணிர முடியும்?"

குரு கையை நீட்டினார்.

"துண்டைக் குடுங்க."

கொடுத்தார். குரு கேட்டால் சீடன் கொடுக்க வேண்டியதுதானே.

"வாங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வருவோம்."

பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. திரும்பின பக்கமெல்லாம் மஞ்சள் வேட்டி, மஞ்சள் பை. பழனி பஸ் எப்போது வரும் என்று அத்தனை கழுத்தும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது.

"இப்ப வர்ற பழனி பஸ்ல ஏறி ஒரு இடம் பிடிச்சு உக்காருங்க" என்றார் குரு.

"பழனிக்கா போறோம்?"

"இல்லைங்க. உக்காந்தாப் போதும்."

மௌனகுருசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சோதனை வைக்கிறார். பெரிய குருமார்களெல்லாம் இப்படித்தான் ஏதாவது செய்வார்களாம். பஸ்ஸில் ஏறிப் பதினைந்து வருடம் ஆகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை. இது தன் ஊர், தன் பஸ் ஸ்டாண்டு. அதோ அந்தக் குடிதண்ணீர்த் தொட்டி அவர் கட்டிக் கொடுத்தது. அதன் நெற்றியில்கூடக் காளைத் தலை இருக்கிறது.

"செவலை முதலாளிங்களா? பஸ்லயா வர்றீங்க?" என்று நாலு பேர் கும்பிட்டார்கள். கண்டக்டரும் கும்பிட்டார். அவரும் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு, படிக்கட்டு வந்து நிற்கும் இடம் பார்த்து மரியாதையாக நின்றார்.

பஸ் திரும்பியது. கூட்டம் ஓடியது. நிற்பதற்கு முன்பே சன்னல் சன்னலாகத் துண்டுகள் உள்ளே பாய்ந்தன. பின்னாலேயே ஒரு குடை, ஒரு சாப்பாட்டுத் தூக்குப்போசி, ஒரு ஒற்றைச் செருப்பு.

மௌனகுருசாமி இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றார். பிறகு மூன்றாவது ஆளாகப் படியேறினார். உள்ளே யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் ஓர் இடமும் காலி இல்லை.

ஒரு குடையை நகர்த்தப் பார்த்தார். "ஏனுங்க, அங்க ஆளிருக்குது" என்று சன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. அடுத்த வரிசைக்குப் போனார். அங்கே தூக்குப்போசி. அதற்கடுத்ததில் செருப்பு.

ஆறாவது வரிசையில், இரண்டு பேர் உட்காரும் சீட்டை முழுசாக மூடிக்கொண்டு ஒரு துண்டு கிடந்தது. சிவப்புக் கரை. நடுவில் காளைத் தலை.

அவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. குருவே இடம் போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்து உட்காரப் போனார். அதற்குள் மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அது நம்ம இடமுங்க."

"துண்டு என்னுதுங்க."

"இருக்கலாமுங்க. போட்டது நானுங்க."

"அதுல இருக்கற காளை எங்காளைங்க. செவலை."

மஞ்சள் வேட்டிக்காரர் குனிந்து காளையைப் பார்த்தார். "அம்சமா இருக்குதுங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

மௌனகுருசாமி கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார். "ஏப்பா, நீயே சொல்லு. இந்த ஊர்ல என்னையத் தெரியாத ஆளுண்டா?"

"உங்களை எல்லாருக்கும் தெரியுமுங்க முதலாளி" என்றார் கண்டக்டர். தர்மசங்கடமாக டிக்கெட் கட்டைப் புரட்டினார். "ஆனா அவருதானுங்களே போட்டிருக்காரு."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

"வெளிய அந்தத் தண்ணித் தொட்டி நாங் கட்டிக் குடுத்ததுங்க."

"இப்பத்தானுங்க குடிச்சேன். தண்ணி அருமை" என்றார் மஞ்சள் வேட்டிக்காரர். நல்ல மனிதர். பெரியவர் நிற்பதைப் பார்க்க அவருக்கும் பொறுக்கவில்லை. சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, துண்டைத் தட்டி இடம் காட்டினார். "உடுமலையில எங்க மச்சான் ஏறுவாருங்க. அது வரைக்கும் இப்படி ஓரமா உக்காந்துக்குங்க."

மௌனகுருசாமி தன் துண்டின்மேல் ஓரமாக உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் அந்த மீன் குழம்பு ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒருவர் இப்படித்தான் சேரை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவரும் நல்ல மனிதர்தான்; அங்கே பெயரைப் போட்டு இடம் பிடிக்கப்போகிறவரும் அவர்தான். கடலில் போய்க்கொண்டிருக்கிற நாற்பது செவலைகளும் அந்தக் கரையில் இறங்கி, யாரோ எழுந்திருக்கச் சொல்கிற வரைக்கும் ஓரமாக உட்கார்ந்திருப்பது கண்முன்னால் தெரிந்தது. மௌனகுருசாமிக்குப் பயம் வந்துவிட்டது.

அவசரமாக இறங்கினார். குரு டீக்கடை ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளுகிட்ட எந்துண்டைக் குடுத்தது யாருங்க?"

"நாந்தானுங்க."

"எதுக்குங்க குடுத்தீங்க?"

"ஒரே கூட்டம். எனக்கு எதுக்கு அந்த அலைச்சல், நீங்களே போட்டுக்குங்கன்னு சொன்னேன். அவரு வேண்டாம்னுகூடச் சொன்னாருங்க. தங்கமான மனுசன்."

மௌனகுருசாமி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயருக்கு அறுபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் கொஞ்சம் பொருத்தமாக நின்றார்.

பஸ் கிளம்பியது. ஆறாவது சன்னலில் துண்டின் சிவப்புக் கரை காற்றில் ஆடியது. மஞ்சள் வேட்டிக்காரர் அன்பாகக் கையசைத்துவிட்டுப் போனார். பஸ் மறைகிற வரைக்கும் மௌனகுருசாமி பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த பழனி பஸ் உள்ளே திரும்பியது.

மௌனகுருசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடினார். பாதி வயதுக்காரர்களை இடித்துக்கொண்டு, கும்பிட்டவர்களுக்குப் பதில் கும்பிடு போடாமல், எதிரில் வந்த கரும்பு வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். தோளில் துண்டு இல்லை. கையில் இருந்தது நீல ஃபைல்தான். ஓடுகிற ஓட்டத்திலேயே அதை நாலாவது சன்னலுக்குள் வீசினார்.

ஏறிப் போய்ப் பார்த்தால், ஃபைல் சீட்டின் நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. சிரிப்பு தானாக வந்தது.

"இங்க ஆளிருக்குதுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்குதுங்க."

"யாருங்க?"

"நாந்தானுங்க" என்றார் மௌனகுருசாமி.

குரு நிதானமாக நடந்து வந்து சன்னலுக்குக் கீழே நின்றார். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேலே நீட்டினார். பேனாவையும் நீட்டினார். செவலை என்ற பெயரையும் காளைத் தலையையும் வியட்நாமில் மௌனகுருசாமியின் பெயரிலேயே பதியச் சொல்லும் விண்ணப்பம். எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"இது எப்ப எழுதுனீங்க?"

"நீங்க மொத மொதல்ல வியட்நாம்னு சொன்ன அன்னைக்கு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையேங்க?"

"நாலு தடவை சொல்ல வந்தேன். நாலு தடவையும் தென்னையைப் பத்திச் சொன்னீங்க."

அவர் நீல ஃபைலை மடியில் மேசையாக வைத்துக்கொண்டார். உள்ளே இருந்த பழைய கடிதத்தை எடுத்து, இரண்டாகக் கிழித்து, நாலாகக் கிழித்து, சட்டைப் பையில் திணித்தார். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. அந்தக் குலுக்கலிலேயே கையெழுத்துப் போட்டார். காளைக் கொம்பு மாதிரி வழக்கமாக வளைகிற கடைசிச் சுழி கொஞ்சம் எகிறிப் போயிற்று.

தாளைச் சன்னல் வழியாகக் கொடுத்தார்.

"அம்மணி, இது போயிச் சேர்றதுக்குள்ள அந்த ஏஜென்டு ஏறியிருந்தா?"

குரு தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"உங்க கடுதாசிக்காக அவரு இன்னும் படிக்கட்டுப் பக்கத்துலதானுங்க நிக்கறாரு. நமக்குச் சன்னல் தொறந்து கெடக்குது."