நடுவில் வைத்த துண்டு

கலியமூர்த்திக்கு வயது அறுபத்தெட்டு. அவருடைய குரு பிலோமினாவுக்கு முப்பத்தாறு. தெருவில் சிரித்தார்கள். கற்றுக்கொள்ள வந்தவனுக்கு வெட்கம் எதற்கு என்று அவர் பாட்டுக்கு மாடி ஏறிவிட்டார்.

காலமெல்லாம் மிருதங்கம் வாசித்த கை அவருடையது. நடுக்கம் வந்ததும் வாத்தியத்துக்கு உறை போட்டு மூடினார். சும்மா கிடந்தால் கை செத்தே போய்விடும் என்று பயம். அந்தப் பயம்தான் அவரைப் பிலோமினாவின் மொட்டைமாடிக் கொட்டகைக்கு, தச்சு கற்க மேசை ரம்பத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

செய்யப் பழகிய மரப்பெட்டியின் மூலைதான் அவரைப் படுத்தி எடுத்தது. ஒரு பலகையின் ஓரத்தைப் பல்லும் பள்ளமுமாக அறுக்க வேண்டும். இன்னொரு பலகையின் பற்கள், கைவிரல் கோத்தமாதிரி அந்தப் பள்ளங்களுக்குள் இறங்க வேண்டும். பிலோமினா பக்கத்தில் நின்று பலகையைப் பிடித்துக்கொண்டால் இறங்கும். தனியாக அறுத்தால் ஒன்று முட்டும், இல்லை ஆடும்.

இப்போது அவளுக்கு வேலையில் ஓசூருக்கு மாற்றல். மறுநாள் பயணம். ரம்பத்தை அவரிடமே விட்டுப்போகிறாள்.

"நீ பக்கத்துல நின்னாத்தாம்மா என் கை நேரா போவுது. நாளையிலேருந்து யாரை நம்பி அறுப்பேன்?"

அவள் ரம்பத்தின் மேல் முன்னும் பின்னும் ஓடும் தள்ளுபலகையை எடுத்து வைத்தாள். அதன் முகப்பில் ஒரு கட்டையைச் சாத்தி, ஒரே ஒரு பள்ளம் அறுத்தாள். ரம்பத்தை நிறுத்தினாள். அந்தப் பள்ளத்தில் சிக்கென்று உட்காரும்வரை ஒரு தேக்குக் குச்சியை இழைத்தாள். பிறகு குச்சியை இரண்டாக நறுக்கினாள்.

கலியமூர்த்தி ஸ்கேலை நீட்டினார்.

"அது வேணாங்கய்யா."

ஒரு துண்டைப் பள்ளத்தில் வைத்து ஒட்டினாள். இன்னொன்றை அதற்கும் பிளேடுக்கும் நடுவில் வைத்தாள். இரண்டு பக்கமும் தொடும்வரை முகப்புக் கட்டையைப் பக்கவாட்டில் நகர்த்தி, திருகாணி போட்டு இறுக்கினாள். நடுவிலிருந்த துண்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒட்டின குச்சியில பலகையை முட்டக் கொடுத்து அறுங்க. அறுத்த பள்ளத்தை அந்தக் குச்சிமேலயே மாட்டுங்க. திரும்ப அறுங்க. முதல் பலகையைத் திருப்பி, அதோட முதல் பள்ளத்தைக் குச்சியில மாட்டி, அதுல முட்ட வச்சு ரெண்டாவது பலகையை ஆரம்பிக்கணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உளிகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

அவர் பலகையைக் குச்சியில் முட்ட வைத்தார். கவ்வியால் இறுக்கினார். தள்ளுபலகையில், பிளேடுக்கு எட்டாத தூரத்தில் இரண்டு கைப்பிடிகள் இருந்தன. பிடித்துத் தள்ளினார். கை நடுங்கத்தான் செய்தது. பலகை அசையவில்லை. கழற்றி மாட்டினார், தள்ளினார். ஒவ்வொரு பள்ளமும் அடுத்த பள்ளத்துக்கு இடம் காட்டிக்கொண்டே போனது.

ரம்பத்தை நிறுத்திவிட்டு இரண்டு பலகைகளையும் கோத்தார். பாதிவரை தானாக இறங்கின. மீதியை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். தொம் என்று உட்கார்ந்தது.

அந்தச் சத்தத்தில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூலையை விரலால் தடவினார். எங்கே ஒரு பலகை முடிகிறது, எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. அவருடைய கைதான் இதைச் செய்தது. அவராலேயே அதை நம்ப முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

பிலோமினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். உன் பையில இருக்கற துண்டையும் எடுத்த இடத்துலயே ஒட்டிட்டுப் போயேன். எனக்குத் துணையா இருக்கட்டும்."

அவள் துண்டை வெளியே எடுத்தாள். பிளேடுக்கும் குச்சிக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள்.

"இது இங்க இருந்துட்டா, உங்க பலகை எங்கய்யா வந்து உட்காரும்?"