அக்கரையில் அசைபோட்ட மான்

மருதி என்ற புள்ளிமான் ஆற்றைக் கடந்து அக்கரைக் காட்டுக்குப் போனது. ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அந்தக் கோடையில் இக்கரைப் புல்லெல்லாம் கருகிப் போய்விட்டது. குட்டிகள் காய்ந்த சருகைக் கடித்துவிட்டு இருமிக்கொண்டு நின்றன. அக்கரையிலோ அத்தி மரங்கள் பழுத்துக் கொட்டிக் கிடந்தன. ஆனால் அந்தத் தோப்பு குரங்குகளின் ராஜ்யம். அவை சம்மதிக்காமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. மேலேயிருந்து கல்லும் காயுமாக வந்து விழும்.

"உனக்குத்தான் நயமாகப் பேசத் தெரியும். மழை வரும்வரைக்கும் மேய இடம் கேட்டு வா" என்று மான் கூட்டம் மருதியை அனுப்பி வைத்தது.

குரங்குகளின் தலைவி அங்காயி நல்ல மனசுக்காரி. "வந்தவளுக்கு முதல்ல வயித்துக்குப் போடுங்க. சேதியை அப்புறம் கேட்போம்" என்றது. அத்திப் பழமும் கொழுந்து இலையும் குவித்து வைத்தார்கள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து தின்னத் தொடங்கினார்கள்.

அதைத் தின்பது என்றா சொல்வது? ஒரு குரங்கும் மெல்லவில்லை, விழுங்கவில்லை. பழத்தைப் பொறுக்குவதும் வாய்க்குள் திணிப்பதுமாக இருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றின் கன்னமும் இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டது. மருதிக்குப் பாவமாகப் போய்விட்டது.

"அக்கா, உங்க கூட்டத்துக்கே பொன்னுக்கு வீங்கி வந்திருக்கே! வேப்பிலை அரைச்சுப் பத்துப் போட்டீங்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டது.

தோப்பைக் காவல் காக்கும் கட்டையன் என்ற குரங்கு முறைத்துப் பார்த்தது. கன்னத்துக்குள் விரலை விட்டு ஒரு பழத்தை வெளியே எடுத்தது. அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தது. பிறகு அதையே திரும்ப வாய்க்குள் போட்டு மென்றது.

மருதி முகத்தைத் திருப்பிக்கொண்டது. 'சீ! வாயில் போட்டதை வெளியே எடுத்துத் திரும்பவும் தின்பதா? எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் பக்கத்தில் உட்கார விடமாட்டார்களே' என்று நினைத்தது. நல்லவேளை, வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நோயும் இல்லை, ஒண்ணும் இல்லைம்மா. அது எங்க பழக்கம்" என்று அங்காயி சிரித்து மழுப்பியது.

விருந்து முடிந்ததும் மருதி தன் கூட்டத்துக்கு மேய இடம் கேட்டது; யோசித்துச் சொல்வதாக அங்காயி சொன்னது. மருதி நிழலில் போய்ப் படுத்தது. வயிறு நிறைந்திருந்தது, காற்றும் சுகமாக இருந்தது. அதுபாட்டுக்கு அசைபோட ஆரம்பித்துவிட்டது.

கட்டையன் கண்ணில் அது பட்டுவிட்டது. பக்கத்தில் ஒரு பழம் இல்லை, ஓர் இலை இல்லை. ஆனால் வாய் மட்டும் அசைகிறது!

"திருட்டுத் தின்னி! விருந்தில் எடுத்து ஒளிச்சு வெச்சுத் தின்கிறா! வாயைத் திற!" என்று அது போட்ட சத்தத்தில் தோப்பே கூடிவிட்டது.

மருதி பயந்து வாயைத் திறந்தது. பச்சையாக, கூழாக ஏதோ தெரிந்தது.

"நான் திருடலை. விருந்துல நீங்க போட்டதுதான். வயித்துக்குள்ள போனது மறுபடி வாய்க்கு வரும். நல்லா மென்னு திரும்ப முழுங்குவோம். எங்க கூட்டம் முழுக்க அப்படித்தான்" என்றது.

திருட்டுப் பட்டமே தேவலை போலிருந்தது. தாய்க் குரங்குகள் குட்டிகளின் கண்ணைப் பொத்தின. கட்டையன் ஓடிப்போய்ப் புதருக்குப் பின்னால் ஓங்கரித்தது.

அங்காயியின் முகமும் சுண்டிவிட்டது. "வந்த காரியம் புரியுதும்மா. ஆனா ஒரு கூட்டமே எதிரே உட்கார்ந்து இப்படி மெல்லுறதைப் பார்க்க எங்களால ஆகாது. நீ கிளம்பு. விருந்தாளியைத் துரத்தினேன்னு பேர் வேண்டாம், இன்னும் நாலு வாய் தின்னுட்டுப் போ" என்றது.

மருதி தன் கூட்டத்தை நினைத்துப் பார்த்தது. எந்த முகத்தோடு திரும்பிப் போவது? வாயை அசைத்த குற்றத்துக்காகக் குட்டிகள் பட்டினி கிடக்க வேண்டுமா? ஆனாலும் மரியாதைக்காகத் தலையைக் குனிந்து கொழுந்தைக் கடித்தது. குரங்குகளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பழம் பொறுக்கின.

அப்போது பக்கத்துப் புதரில் சடசடவென்று சத்தம் கேட்டது.

"சிறுத்தை!" என்று ஒரு குரங்கு அலறியது.

அவ்வளவுதான். குரங்குகள் கைக்குக் கிடைத்ததைக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு பாய்ந்தன. மருதியும் வாயிலிருந்ததை மெல்லாமல் விழுங்கிவிட்டு ஓடியது. ஆற்றோரம் ஒரு பெரிய பாறை, அதன் மேல் கவிந்தபடி ஒரு மருத மரம். மரத்தில் குரங்குகளும் பாறையில் மானுமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

கட்டையன் உச்சிக் கிளைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு அசடு வழிய இறங்கி வந்தது. "பனையோலை விழுந்திருக்கு" என்றது.

எல்லாருக்கும் நடுக்கம் தணிந்தது. அங்காயி கிளையில் சாய்ந்து உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒரு பழத்தை வாய்க்குத் தள்ளியது. நிதானமாக மென்றது. கீழே பார்த்தால் மருதி வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு நின்றது. தொண்டைவரை வந்த உணவை விழுங்கவும் முடியாமல் மெல்லவும் பயந்து விழித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா இந்தப் பாடு? தின்னும்போதே மென்னு முழுங்கித் தொலைச்சா என்ன?" என்று அங்காயி கேட்டது.

"தலையைக் குனிஞ்சு மென்னுக்கிட்டே நின்னா சிறுத்தை வர்றது தெரியாதேக்கா. அதனால அள்ளி உள்ள போட்டுக்கிட்டு ஓடிடுவோம். பயம் இல்லாத இடத்துல வந்துதான் மெல்லுவோம். நீங்க எதுக்குக் கன்னத்துல அடைக்கிறீங்க?"

அங்காயி உப்பியிருந்த தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

"இதுக்கேதாண்டி" என்றது. "நீ வயித்துல வெச்சுக்கிட்டு ஓடியாந்தே. நான் கன்னத்துல வெச்சுக்கிட்டு ஓடியாந்தேன். ரெண்டு பேரும் ஒரே பயத்துக்குத்தான் ஓடியாந்தோம். மெல்லு, நல்லா மெல்லு."

மருதி கண் கலங்க மென்றது.

"இருந்தாலும் எனக்குக் குமட்டுது" என்றது கட்டையன்.

"எனக்கும் உன்னைப் பார்த்தா அப்படித்தாண்ணே இருக்கு" என்றது மருதி.

மரம் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. கட்டையனும் வேறு வழியில்லாமல் சிரித்தது.

"உன் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு வா. மெல்லும்போது மட்டும் ஆத்தைப் பார்த்து உட்காருங்க" என்றது அங்காயி.

"சரிக்கா. நீங்க கன்னத்தைத் தோண்டும்போது மேல் கிளைக்குப் போயிடுங்க."

அன்று மாலையே மான் கூட்டம் ஆற்றைக் கடந்து வந்து வயிறு குளிரத் தின்றது. சில நாட்கள் எல்லாரும் பேச்சுப்படியே திரும்பி உட்கார்ந்தார்கள். அப்புறம் கதை பேசுகிற சுவாரசியத்தில் அது மறந்தே போனது. மழை வந்தபோது கட்டையன் மருதிக்கு எதிரிலேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

அடுத்தவர் தின்னும் விதத்தைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முன், ஏன் அப்படித் தின்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.