விடுதலையான பூவாயி சிறையில் இருந்த கதை

போர் முடிந்த நாற்பத்திரண்டாம் நாள் காலையில் வடகரை நாட்டின் கோட்டைச் சிறையில் ஒரே ஒரு கைதி இருந்தாள். பெயர் பூவாயி. தொழில் பிரசவம் பார்ப்பது. கால் முன்னே வரும் பிள்ளையையும் பத்திரமாக எடுத்துவிடுவாள். ஆற்றைக் கடந்தது அவள் செய்த குற்றம்.

அந்தப் பழைய காலத்தில் வடகரையை ஆண்டவர் திரையமல்லர் என்ற அரசர். தென்கரை அரசரோடு பதினோரு ஆண்டு சண்டை போட்டவர். எதற்காகத் தொடங்கியது என்பது இருவருக்கும் மறந்துபோன பிறகு, நட்டாற்றில் தெப்பம் கட்டி, அதில் உட்கார்ந்து சமாதானம் செய்துகொண்டார்கள். யார் கரைக்கு யார் போவது என்ற சச்சரவைத் தவிர்க்கத்தான் தெப்பம். உடன்படிக்கையைச் செப்பேட்டில் வெட்டினார்கள். இரு கரை மக்களும் தடையின்றிப் போய்வரலாம் என்பது அதன் மூன்றாம் வாசகம். செப்பேட்டுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். பிறகு கருவூலத்தில் வைத்துப் பூட்டினார்கள்.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. அந்த நாட்டில் எந்தக் கட்டளையும் நான்கு வாசலிலும் முரசறைந்து, காவலர்களின் ஓலைக்கட்டில் சேர்த்த பிறகுதான் சட்டம். அமைச்சர் அம்பலக்கூத்தர் அதை நினைவூட்டியபோது மழவரையர் குறுக்கே விழுந்தார். இவர் அரசாணைகளை எழுதும் ஓலைநாயகம். அமைச்சர் ஆசனம் தனக்கு வரவேண்டியது என்பது இவருடைய நெடுநாள் எண்ணம். இரண்டு அரசர்கள் கொடுத்த வாக்கு முரசு கொட்டினால்தான் செல்லும் என்றால், முத்திரை மோதிரத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். அரசருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. முரசு உறையிலேயே கிடந்தது.

ஆகவே காவலர்களின் ஓலைக்கட்டில் போர்க்காலக் கட்டளைதான் இருந்தது. மழவரையரே எழுதியது: "தென்கரையிலிருந்து வருபவர் யாராயினும் ஒற்றர். பிடித்து அடைக்க. அடுத்த பௌர்ணமியில் யானைக்காலில் இடுக. அரசாணையின்றி விடுவிக்கும் காவலனுக்கும் அதுவே."

வடகரை ஓடக்காரன் மனைவி இரண்டு நாளாக வலியில் துடித்ததால் தென்கரையிலிருந்து பூவாயியைக் கூப்பிட்டார்கள். வந்தாள், பிள்ளையை எடுத்தாள், கை கழுவ ஆற்றுக்கு இறங்கியபோது பிடிபட்டாள். பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருந்தது.

அமைச்சர் விடுதலை ஓலை எழுதி அரசர் முன் நீட்டினார். அரசர் மோதிரத்தைக் கழற்றும்போது மழவரையர் தொண்டையைச் செருமினார். உடன்படிக்கையால் ஏற்கனவே விடுதலையானவளுக்கு இன்னொரு ஆணை போட்டால், உடன்படிக்கை செல்லாது என்று அரசரே ஒப்புக்கொண்டதாக ஆகாதா என்றார். மோதிரம் விரலுக்குத் திரும்பியது.

"அவள் விடுதலையானவள்தானே? போகச் சொல்லுங்கள்," என்றார் அரசர்.

அமைச்சர் சிறைக்குப் போய் அப்படியே சொன்னார். காவலன் உடையான் சந்தோஷப்பட்டான், ஓலையைக் கேட்டான். விடுதலையானவள் என்பதால்தான் ஓலை இல்லை என்றார் அமைச்சர். உடையான் தலையைச் சொறிந்தான்.

"அப்ப உள்ளே ஒருத்திக்குச் சோறு போடுறேனே, அது யாருங்க ஐயா?"

உள்ளிருந்து பூவாயி கேட்டாள்: "சாமி, நான் வெளியே இருக்கேனா, உள்ளே இருக்கேனா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அரசருக்கும் குழப்பம்தான். அவள் வீடு போய்விட்டாளா என்று அன்று இருமுறை விசாரித்தார். விடுதலையாகிவிட்டாள் என்றார்கள். பிறகு ஏன் சிறைக்கு அரிசி போகிறது என்று கேட்டார்.

மறுநாள் அமைச்சர் ஒரு யோசனை சொன்னார். தென்கரை அரசருக்குப் பட்டும் வெற்றிலையும் அனுப்ப வேண்டும். அவையிலேயே சிறந்தவர் யாரோ அவர் கொண்டுபோக வேண்டும். வாக்கியம் முடியும் முன் மழவரையர் எழுந்து நின்றுவிட்டார். சங்கு ஊத, ஓடம் ஏறினார். விருந்து உண்டார். மூன்றாம் நாள் கழுத்தில் தென்கரை முத்துமாலையோடு திரும்பி, துறையில் கால் வைத்தார்.

துறைக்காவலன் ஓலைக்கட்டைப் பிரித்துப் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்தான். தான் யார் தெரியுமா என்று சீறினார்.

"தெரியும் ஐயா. 'யாராயினும்'னு எழுதினது நீங்கதானே."

பக்கத்து அறையில் அவரைத் தள்ளிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டு, பூவாயி கம்பி வழியே எட்டிப் பார்த்தாள்.

"ஐயாவுக்கும் விடுதலை ஆயிடுச்சுங்களா?"

மறுநாள் நண்பகலில் சிறையிலிருந்து ஓர் ஓலை அவைக்கு வந்தது. அமைச்சர் உரக்கப் படித்தார். பௌர்ணமி நாளை என்றும், ஒரே ஒரு வரி ஆணை போதும் என்றும் மழவரையர் கெஞ்சியிருந்தார்.

"எதற்கு ஆணை? உடன்படிக்கையால் விடுதலையானவருக்கு ஆணை கூடாது என்று அவரே சொன்னாரே," என்றார் அரசர்.

"ஆம் அரசே. விடுதலையாகி உள்ளே இருக்கிறார்."

அவையில் சிலர் சிரித்தார்கள். அரசர் சிரிக்கவில்லை. மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் தெப்பத்தில் உட்கார்ந்து நான் செய்தது என்ன, அமைச்சரே?"

"வாக்குக் கொடுத்தீர்கள். தென்கரை அரசர் கேட்டார், துறைக்காவலன் கேட்கவில்லை. உங்கள் வாக்கு உங்களைக் கட்டும். அவனைக் கட்டுவது அவன் ஓலைக்கட்டில் உள்ளது மட்டும்தான்."

இரண்டு ஓலை கொண்டுவரச் சொன்னார் அரசர், ஆளுக்கொன்று. அமைச்சர் அசையவில்லை.

"இவர்கள் போவார்கள் அரசே. நாளை மூன்றாமவர் ஆற்றைக் கடப்பார். ஒவ்வொருவருக்கும் முத்திரையிட நீங்கள் எந்நாளும் இருக்க வேண்டும்."

அரசர் முரசை எடுக்கச் சொன்னார்.

உடன்படிக்கை முழுவதையும் நாட்டுச் சட்டமாக மழவரையர் தன் கையால், சிறைக்குள் உட்கார்ந்தே எழுத வேண்டும் என்பது ஆணை. போர்க்காலக் கட்டளை நீங்கியது என்று கடைசி வரி. எழுதியதும், அந்த ஆணைப்படியே, காவலோடு முரசுக்குப் பின்னால் நான்கு வாசலுக்கும் நடந்து அவரே படித்தார். முத்துமாலை அம்பலக்கூத்தர் கழுத்துக்குப் போனது.

உடையான் புது ஓலையைக் கட்டில் சேர்த்து, முடிச்சுப் போட்டு, அதன் பிறகே பூட்டைத் திறந்தான். பூவாயி வாசற்படி தாண்டி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப நான் வெளியேதானே?"

ஓலைக்கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றான்.

அடுத்த ஆண்டு ஐப்பசி ஒன்பதாம் நாள் திரையமல்லர் காலமானார். பத்தாம் நாள் காலை தென்கரையிலிருந்து முதல் ஓடம் வந்தது. துறைக்காவலன் ஓலைக்கட்டைப் பார்த்து வழிவிட்டான்.